ஒரு ஆமிக்காரனின் மாமி

மயிலிட்டியில் பிள்ளைத்தாச்சிப் பெண் வீடு மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்ததும் இடம் மாறுகிறவர் மாப்பிள்ளைதான். பெண்ணுக்கு எழுதிக்கொடுத்த சீதன வீட்டுக்கு அவர் வந்து சேருவார். கிணற்றுப் பங்கு, வேலிப் பங்கு உட்பட உறுதி அவள் பெயரில் இருக்கும். வயிற்றில் பிள்ளை தங்கிய நாள் தொடங்கி, பெற்று, முப்பத்தொன்று கழியும் வரைக்கும் அம்மா, ஆச்சி, பக்கத்து வளவு மாமி எல்லாரும் அவளைச் சுற்றியே இருப்பார்கள். அவளை அந்த வளவைவிட்டு வெளியே எடுக்க வேண்டிய காரணம் யாருக்கும் வராது.

என்னுடைய வீடும் அப்படித்தான். அம்மாவுக்கு ஆச்சி கொடுத்தது, எனக்கு அம்மா கொடுத்தது. கடலுக்கும் எங்கள் படலைக்கும் இடையில் இரண்டு வளவுதான். அப்பா மூன்றரைத் தொன் போட்டில் தொழிலுக்குப் போனவர். விடியப்புறம் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தமும் கொழும்புக்கு மீன் ஏற்றப் போகிற லொறிகளின் சத்தமும் வீட்டுக்குள் கேட்கும். இலங்கை முழுவதும் பிடிபடுகிற மீனில் மூன்றில் ஒரு பங்கு மயிலிட்டியிலிருந்து போனது என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கணக்கு எப்படியிருந்தாலும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பால்சுறாவை எங்கள் ஊரில் எவரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. யாராவது கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

1990இல் நான் தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தேன். இவர் ஆசிரியப் பயிற்சிக்கு மகரகமவுக்குப் போயிருந்தார். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் மாப்பிள்ளை என்று அப்பாவுக்குப் பெருமை. விடுமுறைக்கு யாழ்தேவியில் வருவார், அதே யாழ்தேவியில் திரும்புவார். நான் மருத்துவிச்சி அம்மா எழுதித்தந்த கிளினிக் அட்டையோடும் திரிபோஷாப் பக்கற்றோடும் அம்மாவின் பார்வையில் இருந்தேன். இரண்டு வருடப் பயிற்சி முடிந்ததும் பக்கத்திலேயே ஒரு பாடசாலைக்கு மாற்றம் கேட்பதென்று பேசி வைத்திருந்தோம்.

ஆனி 11ஆம் திகதி ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. பலாலிக் காம்ப் எங்களுக்குக் கூப்பிடு தூரம். இரவு முழுக்க ஷெல் போனது, பகலில் ஹெலி வந்து சுட்டது. முதலில் வீட்டுக்குள் இருந்தோம். பிறகு பங்கருக்குள் இருந்தோம். ஏழு மாத வயிற்றோடு பங்கருக்குள் இறங்குவது ஒரு வேலை, ஏறுவது அதைவிடப் பெரிய வேலை. அடுத்தடுத்த வளவுகள் வெறுமையாகத் தொடங்கின. ஆனி 15ஆம் திகதியளவில் ஊரே கிளம்பியது. காசநோய் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சனம், துறைமுகத்துச் சனம், காணிக்கை மாதா கோயிலடிச் சனம் எல்லாரும் தெற்குப் பக்கமாக ஒரே ரோட்டில் போனோம். அம்மா அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தார். அப்பா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி, அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வைத்தார். வெயிலில் கயிறு உக்கிப்போகுமாம். இரண்டு மூன்று நாளில் திரும்புகிறவர்கள் செய்யும் வேலைகள் அவை.

நான் எடுத்தது கிளினிக் அட்டையை. அம்மா எடுத்தது உறுதியை. குழந்தைக்கென்று தைத்து வைத்த துணிகள் அலுமாரியிலேயே நின்றன. தெல்லிப்பழையில் ஒரு பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில் இடது பக்கம் திரும்பிப் படுத்திருந்த இரவுகளில், அந்தச் சின்னச் சட்டைகளை எடுக்காமல் வந்துவிட்டோமே என்று அம்மா அழுதார். வீட்டை நினைத்து அவர் அப்போது அழவில்லை. வீடு அங்கேதான் இருக்கிறது என்று நினைத்தார்.

அங்கிருந்து மல்லாகம், மல்லாகத்திலிருந்து மானிப்பாய். ஷெல் எட்டும் தூரம் கூடக்கூட நாங்களும் நகர்ந்தோம். ரயில் நின்றுவிட்டது, தபால் நின்றுவிட்டது, மின்சாரமும் நின்றுவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று இவருக்குத் தெரியாது. தென்பகுதியில் தமிழர்களுக்கு என்ன நடக்கிறதென்று எனக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அது கோட்டைக்குப் பக்கத்தில், கோட்டையிலோ ஆமி முற்றுகைக்குள். ஆவணி மாதத்தில் மானிப்பாய் ஆஸ்பத்திரியில், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் மகள் பிறந்தாள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்த இடம் அது. அன்று என்னைப் பார்த்த தாதியும் தன்னுடைய வீட்டை விட்டு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. தான் தங்கியிருந்த கொட்டிலிலிருந்து பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றித் தந்தார். அவர் பெயரை நான் கேட்டு வைத்திருக்கிறேன். என் பூசையறையில் அதைச் சொல்லிக் கும்பிடுவேன்.

இவர் வந்து பிள்ளையைப் பார்க்கும்போது அவள் தவழத் தொடங்கிவிட்டாள். பயிற்சியை விட்டுவிட்டு, ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தபடியால் கொம்படிப் பக்கமாகச் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்து வந்திருந்தார். யாரோ ஒரு தாடிக்காரன் என்று அவள் வீரிட்டு அழுதாள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்த மகள்தான். அவள் ஒரு ஆமிக்காரனைக் கட்டியிருக்கிறாள். கனடா ஆமி.

மருமகன் எங்கள் பிள்ளை. சின்ன வயதில் தாய் தகப்பனோடு ஸ்காபரோவுக்கு வந்து வளர்ந்தவர், பொறியியல் படித்தவர், நல்ல வேலையில் இருந்தவர். முப்பது வயது கடந்த பிறகு, கலியாணமும் முடித்த பிறகு, படையில் பொறியியல் அதிகாரியாகச் சேரப் போவதாகச் சொன்னார். எங்கள் வீட்டு மேசையில் அன்று சாப்பாடு ஆறிப்போனது. இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீங்கள் ஒரு ஊருக்குள்ள போக வேண்டி வந்தா, அந்த ஊர்ச் சனம் எங்க போகும்?"

மருமகன் கதிரையில் நிமிர்ந்து இருந்து, நிதானமாகப் பதில் சொன்னார். "மாமா, 98இல கியூபெக்கிலயும் ஒன்ராறியோவிலயும் ஐஸ் புயல் வந்து கரண்ட் இல்லாமக் கிடந்த நேரம் ஆமிதான் வந்து உதவினது. வெள்ளம் வந்தாலும் காட்டுத்தீ வந்தாலும் அவைதான் வருவினம். நான் அந்த ஆமியைத்தான் பாத்து வளந்தனான். நீங்கள் பாத்த ஆமி வேற."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் ஆமி என்ற சொல்லைக் கேட்டால் என் உடம்பு தன்பாட்டில் செய்வதை நான் நிறுத்த முடியாது. மகள் இரண்டு பக்கத்தையும் பார்த்தபடி இருந்தாள். அவள் மானிப்பாயில் பிறந்து, 1995 ஐப்பசி 30ஆம் திகதி பெரிய இடப்பெயர்வு இரவில், ஐந்து வயதில், மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவள். லட்சக்கணக்கான சனம் நெரிந்த அந்தப் பாலத்தில் தகப்பனின் தோளில் இருந்து அவள் கேட்ட கேள்வி, "அப்பா, இவை எல்லாரும் மயிலிட்டிக்கோ போகினம்?" என்பது. மயிலிட்டியைப் பார்த்தே அறியாத பிள்ளை. போகிற இடத்துக்கெல்லாம் அவளுக்கு அதுதான் பெயர்.

2024இல், அவள் ஏழு மாதமாக இருக்கும்போது, மருமகனுக்கு நீண்ட பயிற்சிக்குப் போக வேண்டி வந்தது. இடம் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கேஜ்டவுன். ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர். கனடாப் படையில் இடமாற்றமெல்லாம் பெரும்பாலும் கோடையில்தான் வைப்பார்கள், பிள்ளைகளின் பாடசாலை குழம்பாமல் இருக்க. அதனால் இவளுக்கும் ஆனி மாதம்தான் விழுந்தது.

அந்த இடமாற்றத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எந்த நாளில் வீட்டைவிட வேண்டும், எந்த நாளில் புது வீட்டுத் திறப்புக் கிடைக்கும் என்பது மாதக்கணக்கில் முன்னரே தாளில் இருந்தது. முன்கூட்டிப் போய் வீடு பார்த்துவரப் படையே செலவு கொடுத்தது. சாமான் கட்டும் ஆட்கள் வந்தார்கள். கோப்பை ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றினார்கள். உடைந்தால் இழப்பீடு என்று ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கினார்கள். மகள் கதிரையில் இருந்தாள். எவரும் அவளை ஒரு பெட்டியைத் தூக்க விடவில்லை. குழந்தைக்கு வாங்கிய சட்டைகளைத் தனிப்பெட்டியில் போட்டு, முதலில் திறக்க வேண்டியது என்று சிவப்புப் பேனையால் எழுதினான் ஒரு பெடியன். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அம்மா இருந்திருக்க வேண்டும். அம்மா 2009இல் மல்லாகத்தில், வாடகை வீட்டில், உறுதியைத் தலையணைக்குக் கீழே வைத்தபடி போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆமிக்காரருக்கு ஆமி வைத்தியர் இருக்கிறார். அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் இல்லை. அவர்கள் மாகாணத்தின் பொறுப்பு. மாகாணம் மாறினால் குடும்ப வைத்தியர் கைவிட்டுப் போவார், புது இடத்தில் காத்திருப்போர் பட்டியலின் அடியில் பெயர் போகும். படைக் குடும்பங்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாக இடம் மாறுகின்றன என்று கனடாவின் படைத்துறை ஒம்புட்ஸ்மன் 2013இலேயே அறிக்கை எழுதியிருக்கிறார். பத்து வருடத்துக்குப் பிறகும் என் மகள் ஏழாம் மாதத்தில் வைத்தியர் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கிளினிக்கில் புதிதாக எவரையும் எடுப்பதில்லை என்றார்கள். இன்னொன்றில், ஒன்ராறியோவில் செய்த ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் தங்கள் கொம்பியூட்டரில் தெரியாது என்றார்கள்.

"எல்லாத்தையும் பேப்பரில எடுத்துக் கையில வை பிள்ளை" என்று நான் முதலே சொல்லியிருந்தேன்.

"அம்மா, இப்ப எல்லாம் ஒன்லைன்ல இருக்கு."

"இருக்கட்டும். நீ பேப்பரில எடு."

எடுத்தாள். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் கடைசியில் ஒருவர் அவளைப் பொறுப்பெடுத்தார். முகாமில் இருக்கும் குடும்ப நிலையத்துப் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் நின்று நின்று அதைச் செய்வித்தார். அவரும் ஒரு சிப்பாயின் மனைவி. ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வொரு மாகாணத்தில் பெற்றவர். பயிற்சிக் காலத்தில் மருமகன் வாரக்கணக்கில் காட்டுக்குள் நிற்பார், தொலைபேசி எடுக்காது. அந்த இரவுகளில் மகள் நித்திரையில்லாமல் நடப்பதை நான் கேட்டேன். தன் புருஷன் எங்கே என்று அவளுக்குத் தெரியும், எப்போது வருவார் என்றும் தெரியும். ஆனாலும் நிறைமாத வயிற்றோடு தனியே கிடக்கும் இரவு எந்த நாட்டிலும் நீளமாகத்தான் இருக்கும். மகரகமவில் இருந்தவரை நினைத்து நான் நடந்த நடையை அவளும் நடந்தாள். எழும்பித் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தேன். 1990இல் அம்மா செய்ததும் அதுதான்.

கேஜ்டவுனைப் பற்றி இனித்தான் சொல்ல வேண்டும்.

முகாமின் பயிற்சி நிலம் 1,100 சதுரக் கிலோமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை மருமகன் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். ஆற்றங்கரை, மேப்பிள் காடு, நல்ல மண். இவ்வளவு நல்ல மண்ணில் ஏன் ஒரு வீடும் இல்லை என்று இவர் கேட்டார். மருமகன் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தன் வரைபடத்தை மேசையில் விரித்தார். காட்டுக்குள்ளே சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். "இது சுடலையள், மாமா. பயிற்சியில இந்த இடங்களத் தொடக்கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கு."

1952இல் கனடா அரசாங்கம் அந்த நிலத்தை ஆமிக்கென்று எடுக்கப் போவதாக அறிவித்தது. பீற்றர்ஸ்வில், ஹைபெர்னியா, நியூ ஜெருசலம் என்று பல ஊர்கள். அயர்லாந்தின் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், ஏறக்குறைய 3,000 பேர், எழும்பினார்கள். பணம் கொடுத்தார்கள், போதாது என்று சனம் சொன்னது. வீடுகளும் பாடசாலைகளும் தேவாலயங்களும் போயின. கல்லறைகள் நின்றன. அந்த ஊர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பூ வைத்துவிட்டு வருவார்கள்.

அதே நிலத்தில், 1966இல் மூன்று நாளும் 1967இல் நான்கு நாளும், அமெரிக்க ஆமி வியட்நாமுக்கென்று செய்த ஏஜென்ற் ஒறேஞ்ச் போன்ற களைகொல்லிகளைத் தெளித்துச் சோதித்தது. 2007இல் கனடா அரசாங்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 20,000 டொலர் கொடுக்க முன்வந்தது. இதை வாசித்த இரவு மகள் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. வைத்தியர் அவளிடம், சோதித்த துண்டுகள் சின்னவை, காட்டின் ஆழத்தில் இருப்பவை, நகரத்துத் தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிறகுதான் குடித்தாள்.

நான் அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்குக் கோப்பையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்த இதே படைக்காக, ஒரு காலத்தில் இங்கேயும் பிள்ளைத்தாச்சிப் பெண்கள் வீட்டை விட்டு எழும்பியிருப்பார்கள். 3,000 பேர் என்றால் அதற்குள் வயிற்றோடு சிலர் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களுடைய மாமியார்மாரும் தொட்டிலைத் தூக்குவதா அடுப்பைத் தூக்குவதா என்று நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், அவர்களுக்குத் திகதி சொன்னார்கள், சுடாமல் எழுப்பினார்கள், ஒரு தொகை கொடுத்தார்கள். அது பெரிய வித்தியாசம். ஆனால் நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை.

மருமகனிடம் சொன்னேன்: "தம்பி, இந்தப் பேருகளப் பாடமாக்கி வையுங்கோ. நாளைக்குப் பிள்ளை கேட்டா, எந்த ஊர் மண்ணில நாங்கள் இருந்தனாங்கள் எண்டு சொல்ல வேணும்."

"சொல்லுவன் மாமி" என்றார். பீற்றர்ஸ்வில், ஹைபெர்னியா, நியூ ஜெருசலம். அவர் சொல்ல நானும் சொன்னேன்.

பேத்தி ஆவணியில் பிரெடெரிக்டனில் பிறந்தாள். பேறு சுகம். மருமகனைப் பயிற்சியிலிருந்து விடுவித்து அனுப்பினார்கள், அவர் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். பத்தியக் கறிக்கு நான் சரக்குத்தூளை ஸ்காபரோவிலிருந்து கொண்டு போயிருந்தேன். சுறாதான் கிடைக்கவில்லை. அத்திலாந்திக் சமுத்திரம் காரில் போகும் தூரத்தில் கிடக்க, ஒரு துண்டுப் பால்சுறாவுக்கு நாங்கள் கடைகடையாக அலைந்தோம். கடைசியில் ரொறன்ரோவிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. வறை வறுத்தபோது, அந்தப் படைக் குடியிருப்பில் யன்னலைத் திறந்துவிட்டு, இந்த மணம் மயிலிட்டியில் எந்தப் பக்கத்துக் காற்றுக்கு வரும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மயிலிட்டிக்கு நாங்கள் 2018இல் போனோம். அதற்கு முதல் வருடம், 2017 ஆடி 3ஆம் திகதி, துறைமுகத்தையும் ஐம்பது ஏக்கருக்குச் சற்று மேலான காணியையும் 27 வருடத்துக்குப் பிறகு ஆமி விட்டிருந்தது. சனம் முழங்காலில் விழுந்து மண்ணைத் தொட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் வளவு அந்த விடுபட்ட துண்டுக்குள் இல்லை. முட்கம்பி வேலி எங்கள் ஒழுங்கைக்கு முன்னாலேயே நின்றது. அந்தப் பக்கம் வீடு நின்ற இடத்தில் பற்றை. அப்பா கவிழ்த்து வைத்த வாளியும் கிணறும் எங்கே என்று கண்ணால் தேடினேன், பிடிபடவில்லை. காங்கேசன்துறையில், எங்கள் கடலைப் பார்த்தபடி, ஆமி நடத்தும் தல்செவன விடுதி இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த ஒரு இளம் சோடி அதன் வாசலில் நின்று படம் எடுத்தது. அந்தப் பெண் பிள்ளைத்தாச்சி. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குருநாகலிலோ அனுராதபுரத்திலோ எத்தனை பெண்கள் புருஷனைப் பலாலிக்கு அனுப்பிவிட்டுத் தனியே பிள்ளை பெற்றார்கள், எத்தனை பேருக்கு அவன் பெட்டிக்குள் திரும்பி வந்தான். அவள் அங்கே உலாவட்டும். நானும் என் வளவுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லியே தீரவேண்டியது ஒன்று உண்டு. நாங்கள் கனடாவுக்கு வந்துவிட்டோம். வராதவர்கள் மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் சுன்னாகத்து முகாம்களிலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் ஓலைக்கும் தகரத்துக்கும் கீழே இருந்தார்கள். 1990இல் வயிற்றில் இருந்த பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கேயே சாமத்தியப்பட்டு, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். தாய்க்குச் சீதனமாகக் கொடுக்க வீடில்லை, காணி உண்டு, ஆனால் அது வேலிக்கு உள்ளே. எங்கள் பகுதியில் ஆமி எடுத்த நிலத்தில் பெரும்பகுதி பெண்களின் பெயரில் எழுதிய நிலம் என்பதைக் காணி பற்றிப் பேசுகிற ஆண்கள் மேடையில் சொல்வதில்லை. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாகச் சுவீகரிக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியபோது, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார்கள். உரிமையாளர்கள் சில மைல் தூரத்தில், முகாமில், அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். அந்தப் பெட்டிஷன்களால்தான் இன்றைக்குத் திரும்பிய காணிகளும் திரும்பின என்று நான் நம்புகிறேன்.

மயிலிட்டித் துறைமுகத்தைப் புதுப்பித்து 2019 ஆவணியில் திறந்தார்கள். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்து மூன்றாம் கட்ட வேலையைத் தொடக்கிவைத்தார். நல்லது. படகு கட்ட இடம் கிடைக்கிறது. படகுக்காரனின் பெண்சாதி பிள்ளை பெற வீடும் கிடைக்க வேண்டும். மிச்சக் காணி எப்போது விடப்படும் என்று ஒரு திகதி சொல்லலாம். கனடாவில் ஒரு லெப்டினன்ரின் மனைவிக்குக் கோப்பை எந்த நாளில் வந்து சேரும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் காத்த பெண்களுக்குக் காணி எந்த மாதத்தில் வரும் என்று எழுதிக் கொடுக்க ஒரு அரசாங்கத்தால் முடியாதா?

வருகிற ஆனியில் போவதாக இருக்கிறோம். மருமகனும் வருகிறார், அதற்கு அவர் தன் படையிடம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் கொடுக்க அம்மாவின் உறுதியை மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு எழுதியதை மகளுக்கு எழுதும் நன்கொடை உறுதிக்கும் நொத்தாரிசைப் பேசியாயிற்று. காணிக்குள் போக முடியாவிட்டால் எல்லைகளை எப்படிக் குறிப்பது என்று நொத்தாரிசு கேட்டார். வடக்கே கடற்கரை ஒழுங்கை, கிழக்கே மாமி வளவு, மேற்கே பெரியப்பா வளவு, தெற்கே கிணற்றடிப் பாதை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.